அரிமா சங்கமும் கண் முகாமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் கண் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கும்போதுதான் பலருக்கும் அரிமா சங்கம் என்ற பெயரே காதில் விழுகிறது. முகாமுக்கு வருபவர்களும், சங்கத்தில் சேர நினைப்பவர்களும், புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

லயன்ஸ் கிளப், அரிமா சங்கம் இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். லயன் என்பதற்கு 'சிங்கம்' என்று போடாமல் 'அரிமா' என்ற பழைய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சொல் சின்னத்துக்கும் அழகாகப் பொருந்திவிட்டது. சங்கத்தின் சின்னத்தில் இரண்டு சிங்கத் தலைகள் எதிரெதிர்த் திசையைப் பார்க்கும். ஒன்று செய்து முடித்ததை, மற்றொன்று இனிச் செய்யவேண்டியதை. நம் இலக்கணத்தில் முன்னும் பின்னும் நோக்கும் சூத்திரத்துக்கு 'அரிமா நோக்கு' என்றுதான் பெயர். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'அரிமா' என்று சேர்த்துத்தான் அழைப்பார்கள்.

ரோட்டரி வேறு. அது 1905-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கிய தனி அமைப்பு. அரிமா சங்கம் பிறந்ததும் அதே ஊரில்தான்.

யார், எதற்காகத் தொடங்கினார்கள்?

மெல்வின் ஜோன்ஸ் என்பவர் சிகாகோவில் காப்பீட்டு முகவர். அவர் இருந்த வணிகர் சங்கத்தில் உறுப்பினர்கள் மதிய உணவுக்குக் கூடுவார்கள், ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுப்பார்கள், கலைந்துபோவார்கள். இத்தனை திறமையும் தொடர்பும் உள்ளவர்கள் ஊருக்கு ஏதாவது செய்தால் என்ன என்று அவர் கேட்டார். 1917 ஜூன் 7 அன்று பல சங்கங்களின் பிரதிநிதிகள் சிகாகோவில் கூடினார்கள். அக்டோபரில் டல்லஸ் நகரில் முதல் மாநாடு.

அந்த முதல் மாநாட்டிலேயே ஒரு விதியை எழுதிவைத்தார்கள்: உறுப்பினர்களின் பண லாபத்தை எந்தச் சங்கமும் தன் நோக்கமாகக் கொள்ளக்கூடாது. நூறு ஆண்டு கழிந்தும் சங்கத்தைத் தாங்கி நிற்பது இந்த விதிதான் என்பது எங்கள் கருத்து. 'வியாபாரத் தொடர்பு கிடைக்குமா' என்று கேட்டு வருபவர்களுக்கு முதலில் சொல்லவேண்டிய பதிலும் இதுவே. கட்சி அரசியலையும் மதச் சண்டையையும் கூட்டத்தில் விவாதிக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. 1920-இல் கனடாவில் சங்கம் தொடங்கியதும் இது பன்னாட்டு அமைப்பானது. 1987 முதல் பெண்களும் உறுப்பினர்கள். 'சேவை செய்கிறோம்' என்ற வாசகம் 1954-இல் வந்தது.

எத்தனையோ சேவை இருக்க, கண் எப்படி முதலிடம் பிடித்தது?

1925 ஜூன் 30. ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்ற இடத்தில் மாநாடு. பார்வையும் செவித்திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் அங்கே பேசினார். இருளுக்கு எதிரான போரில் பார்வையற்றோருக்காக நிற்கும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் பணி இந்தச் சங்கத்தின் பணியாயிற்று. 1930-இல் அமெரிக்காவின் பியோரியா நகரச் சங்கம் பார்வையற்றோர் கைத்தடிக்கு வெள்ளை நிறம் பூசிக் கொடுத்தது. வண்டி ஓட்டுபவர்கள் தூரத்திலிருந்தே பார்த்து நிறுத்துவதற்காக. 1990-இல் 'சைட் ஃபர்ஸ்ட்' என்ற பெரிய நிதித் திட்டம் தொடங்கியது. அக்டோபர் இரண்டாம் வியாழக்கிழமை வரும் உலகப் பார்வை தினமும் 1998-இல் இவர்கள் முன்னெடுத்ததே.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

இந்தியாவின் முதல் சங்கம் 1956-இல் மும்பையில் வந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சங்கங்களின் பெயரைச் சிற்றூர்கள் வரை கொண்டுபோனவை கண் முகாம்கள்தான். 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவர், கருவி, அறுவை எல்லாம் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். இடம், விளம்பரம், ஆள், உணவு ஆகியவற்றை ஊர்ச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற வேலைப் பங்கீடு நிலைபெற்றது. 1992-இல் மதுரையில் 'லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனம்' சைட் ஃபர்ஸ்ட் உதவியோடு உருவானது. வேறு நாட்டு மருத்துவமனைக்காரர்களும் முகாம் நடத்தும் முறையைக் கற்க அங்கே வருகிறார்கள். அதே ஆண்டு மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி, கண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள் பொருத்தும் உள்விழி லென்ஸைக் குறைந்த விலையில் தயாரித்தது. அதற்கு முன் புரை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு காலம் தள்ளவேண்டும். அந்தக் கண்ணாடி உடைந்துவிட்டால் மறுபடி பார்வையில்லை.

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அறுவை செய்தார்களே, இப்போது ஏன் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள்?

கிருமித் தொற்றுதான் காரணம். வகுப்பறையிலும் கல்யாண மண்டபத்திலும் எவ்வளவு துடைத்தாலும் அது அறுவை அரங்காகாது. கண்ணுக்குள் கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் பார்வை முழுவதும் போகலாம். ஒரே நாளில் ஒரே மருந்து, ஒரே கருவியால் பலருக்கு அறுவை நடக்கும்போது ஒரு தவறு பத்துப் பேரைப் பாதிக்கும். அதனால் முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில். 'இங்கேயே முடித்துக் கொடுங்கள்' என்று எவ்வளவு கேட்டாலும் சங்கம் அதற்கு இணங்கக்கூடாது.

முகாம் நடத்த என்னென்ன செய்யவேண்டும்?

ஆறு வாரம் முன்பே தேதி கேட்டு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போட்டி அதிகம். உள்ளூர்த் திருவிழா, முகூர்த்த நாள், நடவு அறுவடைக் காலம் மூன்றையும் பார்த்துத் தேதி குறியுங்கள். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துக்கான தகவல் மருத்துவமனை வழியாகப் போகும். போயிற்றா என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி, பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்து அனுமதி.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். தேவையானவை: 6 மீட்டர் நேர்த்தூரம் கிடைக்கும் ஒரு நீள அறை அல்லது வராந்தா, இருட்டாக்கக்கூடிய இரண்டு அறைகள், மின்சாரம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, படி ஏறாமல் உள்ளே வர வழி. மாடியில் முகாம் வைக்கவே வேண்டாம். பார்வை மங்கியவரைப் படியேற்றுவது ஆபத்து.

அந்த 6 மீட்டரில்தான் பெரும்பாலான முகாம்கள் சறுக்குகின்றன. காலடி வைத்து அளந்துவிட்டுக் கோடு போடுவார்கள். அது 5 மீட்டராகவோ 7 மீட்டராகவோ இருக்கும். டேப் வைத்து அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். எழுத்துப் பலகையை ஜன்னலுக்கு முன்னால் மாட்டாதீர்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் நல்ல கண்ணுக்கே எழுத்து தெரியாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு 'ஈ' வடிவப் பலகை உண்டு. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும்.

300 பேர் வருவார்கள் என்றால் 25 தொண்டர்கள், 30 பெஞ்சுகள், தலைக்கு 1 லிட்டர் வீதம் 20 லிட்டர் தண்ணீர் கேன் 15. பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுத்து, கழுவ ஓர் ஆளை வைத்துவிடுங்கள்.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, நகரின் நடுவில் ஃபிளெக்ஸ் வைப்பதில் பெரிய பலனில்லை. புரையுள்ள பாட்டிக்கு அதைப் படிக்க முடியாது. முகாமுக்கு முந்தைய மூன்று நாட்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் மைக் ஆட்டோ, ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் துண்டறிக்கை, நூறு நாள் வேலைத் தளத்தில் நேரில் சொல்லுதல், கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவிப்பு ஆகியவைதான் ஆளைக் கொண்டுவரும். அறிவிப்பில் தேதி, இடம், நேரம், எந்தப் பேருந்து, எதைக் கொண்டுவரவேண்டும் என்பவை போதும். தலைவர் பெயரும் பட்டங்களும் மைக்கில் நேரத்தைத் தின்னும்.

முகாம் நாளில் எந்த வரிசையில் வேலை நடக்கும்?

ஒன்பது மணி என்று அறிவித்தால் முதல் பேருந்தில் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். ஏழு மணிக்கே எண் எழுதிய டோக்கன் கொடுத்து உட்காரவைத்தால் தள்ளுமுள்ளு இருக்காது.

பதிவு மேசையில் பெயர், வயது, ஊர், கைபேசி எண். கைபேசி இல்லாதவர்களுக்கு மகன், மருமகள், பக்கத்து வீடு என யாராவது ஒருவர் எண்ணை வாங்கியே ஆகவேண்டும். அடுத்து 6 மீட்டரில் பார்வைச் சோதனை, ஒவ்வொரு கண்ணாக. பிறகு மருத்துவரின் முதற்பரிசோதனை. அங்கிருந்து கண்ணழுத்தம், கண்ணீர்ப் பாதைச் சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை. கண்ணாடி தேவைப்படுபவர் பவர் பார்க்கும் பகுதிக்குப் போவார். கடைசியில் மூத்த மருத்துவர் பார்த்து முடிவு சொல்வார். ஆலோசகர் அதை விளக்குவார்.

கண்ணீர்ப் பாதைச் சோதனை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கண்ணின் மூக்கோரத் துளையில் நீரைச் செலுத்துவார்கள். அது தொண்டைக்கு இறங்கினால் பாதை திறந்திருக்கிறது. சீழோடு திரும்பி வந்தால் அங்கே கிருமி தங்கியிருக்கிறது. அந்த நிலையில் புரை அறுவை செய்தால் கிருமி கண்ணுக்குள் போய்விடும். முதலில் அந்த அடைப்பைச் சரிசெய்யவேண்டும். 'எல்லோரையும் கூட்டிப் போனீர்கள், என் அப்பாவை விட்டுவிட்டீர்கள்' என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

கருவிழியின் துவாரத்தை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அவர்களைத் தனியே உட்காரவையுங்கள். அந்தக் கண்ணோடு பைக் ஓட்டக்கூடாது.

அறுவைக்குத் தேர்வானவர்களுக்குச் செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே, நெற்றியில் அடையாளம் இடுவார்கள். வியர்வையைத் துடைக்கும்போது முந்தானையில் அது அழிந்துவிடும். பேருந்தில் ஏற்றும் முன் ஒவ்வொருவரின் அட்டையையும் நெற்றியையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொண்டரை நிறுத்துங்கள். அடையாளம் மங்கியிருந்தால் தொண்டரே எழுதக்கூடாது. மருத்துவமனைப் பணியாளரிடம் திருப்பி அனுப்பவேண்டும்.

முகாமுக்கு வருபவர் எப்படி வரவேண்டும்?

தலைக்குக் குளித்துவிட்டு வரவேண்டும். அறுவைக்குப் பின் சில நாள் தலைக்கு ஊற்ற முடியாது. ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், இரண்டு நாளுக்கு மாற்றுத் துணி, தற்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். சீட்டைவிட மாத்திரை அட்டையே மேல், பெயர் அதிலேயே இருக்கும். நகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வெறும் வயிற்றோடு வரவேண்டாம். 'டெஸ்ட் எடுப்பார்கள்' என்று காலை உணவைத் தவிர்த்துவிட்டு, ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வருபவர்கள் பதினோரு மணிக்கு வியர்த்துச் சாய்ந்துவிடுகிறார்கள். பதிவு மேசையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருக்கட்டும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எகிறியிருந்தால் அறுவை தள்ளிப்போகும். தள்ளிப்போட்டார்களே தவிர மறுக்கவில்லை என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து எடுக்கச் சொல்லி, அடுத்த முகாம் தேதியை அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

அறுவை வேண்டும் என்று சொல்லியும் சிலர் பேருந்தில் ஏறுவதில்லையே?

பயம் மட்டும் காரணமல்ல. வீட்டில் ஆடு மாடு யார் பார்ப்பது, பேரனைப் பள்ளிக்கு யார் அனுப்புவது, கூலி போய்விடுமே, மகனிடம் கேட்கவில்லையே என்பவைதான் நிஜமான தடைகள். பெண்கள் இன்னும் அதிகமாகத் தயங்குகிறார்கள். 'ஆடியில் வேண்டாம்', 'கோடையில் செய்தால் புண் ஆறாது' என்பார்கள். இன்றைய புரை அறுவைக்கு வெயில் காலம், மழைக் காலம் என்ற கணக்கே கிடையாது. புரை முற்றட்டும் என்று காத்திருப்பதும் தவறு. முற்றினால் அறுவை கடினமாகும். சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறி நரம்பே கெட்டுவிடும்.

மருத்துவர் பத்து நிமிடம் பேசுவதைவிட, அதே ஊரில் போன வருஷம் அறுவை செய்துகொண்ட ஓர் அம்மா 'எனக்கு வலிக்கவே இல்லை, வா' என்று சொல்வது பலிக்கும். அப்படி ஓரிருவரை முகாமுக்கு அழைத்து உட்காரவையுங்கள். மகனிடம் கேட்கவேண்டும் என்பவருக்குச் சங்கத்துக் கைபேசியிலிருந்து அங்கேயே பேசவைத்துவிடுங்கள்.

அழைத்து வந்து ஊரில் இறக்கிவிட்டதும் வேலை முடிந்ததா?

இல்லை. எங்கள் பார்வையில் முகாமின் உண்மையான கணக்கு ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதே. எத்தனை பேரைப் பேருந்தில் ஏற்றினோம் என்று புகைப்படத்தோடு அறிக்கை அனுப்புவது எளிது. சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தியவர், கண்ணாடி வாங்காதவர் எல்லாம் அந்த மறுபரிசோதனையில்தான் தெரியவருவார்கள்.

முதல் வாரம் ஊருக்கு ஒரு தொண்டர் போய்ப் பார்க்கவேண்டும். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, சொட்டு மருந்து விடும் முன் கையைச் சோப்பால் கழுவவேண்டும், குப்பியின் முனை இமையைத் தொடக்கூடாது. வலி, சிவப்பு, சீழ், திடீரென்று பார்வை குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுபரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரவானாலும் வண்டி ஏற்பாடு செய்யுங்கள். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதையும் விட விடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சங்கத்துக்குத் தரலாமா?

அளந்து, பவர் எழுதி, தரம் பிரித்துக் கொடுக்கும் மையம் இருந்தால்தான் அதற்குப் பயன். அப்படியே மேசையில் கொட்டி, 'பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது சரியில்லை. ஒருவருக்கு அளந்து செய்த கண்ணாடி, இரு கண்ணுக்கும் வேறு வேறு பவரோடு இன்னொருவருக்குப் பொருந்துவது அபூர்வம். ஊசியில் நூல் கோக்க, அரிசியில் கல் பொறுக்கத் தேவையான கிட்டத்தில் பார்க்க உதவும் கண்ணாடி புதிதாகவே மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கப் பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கண் தானத்துக்கு யாரிடம் சொல்லவேண்டும்? உடனே என்ன செய்யவேண்டும்?

இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கவேண்டும். ஆகவே அருகிலுள்ள கண் வங்கிக்கு நேரடியாகவோ சங்கம் வழியாகவோ உடனே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்துங்கள் (காற்றில் கருவிழி உலர்ந்துவிடும்), இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். எடுக்க 20 நிமிடம் போதும். முகம் விகாரமாகாது, மாலை போட்டு வைத்திருக்கும் உடலைப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

உயிரோடு இருக்கும்போது உறுதிமொழிப் படிவம் கொடுக்காதவருடைய கண்ணையும் குடும்பத்தார் சம்மதித்தால் தானம் செய்யலாம். படிவம் கொடுத்தவரானாலும் குடும்பம் மறுத்தால் எடுக்க முடியாது. எனவே படிவத்தைப் பீரோவில் வைப்பதைவிட வீட்டில் சொல்லிவைப்பது முக்கியம். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை அறுவை செய்தவர் எல்லோரும் தரலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வகைகள், வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் இறந்தவர்களிடம் எடுப்பதில்லை.

வசூலிக்கும் பணம் எங்கே போகிறது?

ஒவ்வொரு சங்கமும் இரண்டு கணக்கு வைத்திருக்கவேண்டும். உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்கு. கூட்டச் செலவு, சாப்பாடு, தபால் எல்லாம் அதிலிருந்து. பொதுமக்களிடம் வாங்கிய பணம் சேவைக் கணக்கு. அது பொதுமக்களுக்கே திரும்பவேண்டும். நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன செலவை மட்டும் கழிக்கலாம். பதவியேற்பு விழா விருந்துக்குச் சேவைக் கணக்கில் கைவைத்தால் அது விதிமீறல். நன்கொடையாளர் கணக்கைக் கேட்டால் காட்டத் தயாராக இருக்கவேண்டும்.

பரிசுக் குலுக்கல் சீட்டு விற்கும் யோசனை ஆண்டுதோறும் யாராவது சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்த வம்பே வேண்டாம்.

அழைப்பிதழில் பெயருக்குப் பின் வரும் 'எம்.ஜே.எஃப்.' என்ன படிப்பு?

படிப்பல்ல. பன்னாட்டு அறக்கட்டளைக்கு 1,000 டாலர் நன்கொடை கொடுத்தவருக்கு, அல்லது ஒருவரைப் பாராட்டி அவர் பெயரில் சங்கம் கொடுத்தால் அவருக்கு, மெல்வின் ஜோன்ஸ் பெயரில் தரப்படும் 'மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ' என்ற சிறப்பு. 'டெயில் ட்விஸ்டர்' என்பது கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருக்கும் பொறுப்பு. தாமதமாக வந்தால் சின்ன அபராதம் போடுவார்.

எப்படிச் சேர்வது? எங்கள் ஊரில் புதிதாகத் தொடங்க முடியுமா?

வயது வந்த, நல்ல பெயருள்ள எவரும் சேரலாம். ஆனால் ஓர் உறுப்பினர் முன்மொழிய, செயற்குழு ஏற்கவேண்டும். சந்தாவில் பன்னாட்டு அமைப்பு, அரிமா மாவட்டம் (பல சங்கங்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு), சங்கம் என மூன்று பங்கு உண்டு. மொத்தம் எவ்வளவு என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஒரே வீட்டில் இரண்டாமவருக்குப் பன்னாட்டுச் சந்தா பாதி. ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். 12 முதல் 30 வயதினருக்கு லியோ சங்கம்.

புதிய சங்கத்துக்குக் குறைந்தது 20 பேர் வேண்டும். அருகிலுள்ள சங்கம் பொறுப்பேற்று வழிகாட்டும். பெயருக்காக உறவினர்களைச் சேர்த்து 20 ஆக்கும் சங்கம் இரண்டாம் ஆண்டுச் சந்தா வரும்போது பத்தாகச் சுருங்கிவிடும். ஆள் குறைவென்றால் 5 பேரோடு ஏற்கெனவே உள்ள சங்கத்தின் கிளையாகத் தொடங்கி, ஒரு முகாம் நடத்திப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

உறுப்பினராகாமல் முகாமில் மட்டும் உதவலாமா?

தாராளமாக. பதிவு மேசையில் எழுத, 6 மீட்டர்க் கோட்டில் நிறுத்த, கைபிடித்து அறைக்கு அறை அழைத்துப் போக எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். பார்வை மங்கியவரைத் தோளைப் பிடித்துத் தள்ளாதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள், படி வந்தால் 'ஏறுகிறோம்', 'இறங்குகிறோம்' என்று சொல்லுங்கள். முகாமுக்கு முந்தைய மாலை நான்கு மணிக்குப் பெஞ்சு போட வந்தால் மறுநாள் வேலை பாதி முடிந்த மாதிரி.